தோளில் நீலக் கயிறு

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் இன்னும் இருட்டு விலகவில்லை. ஆர்லின் தண்ணீர்க் கேனுக்குள் ஐஸ் கட்டிகளை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கையில் செஞ்சிலுவை போட்ட பட்டை. கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்தவர்கள் நாட்டுச் சேவை என்று ஏதாவது ஒன்றை எடுத்தே ஆகவேண்டும். ஒன்று ராணுவ அணிவகுப்பு, இல்லையென்றால் ஊர்ப்பணி, அதுவும் வேண்டாமென்றால் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம். பெரியம்மா மகன் ஜோவன் அணிவகுப்பை எடுத்தான். "நீயும் அதுலயே சேந்துக்க. அவன் மேல ஒரு கண்ணு வச்சுக்க" என்றாள் பெரியம்மா. அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன நாளிலிருந்து ஆர்லின் இருப்பது பெரியம்மா வீட்டில். அந்த வீட்டில் மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. வெயிலில் மயங்கி விழுகிறவர்களைத் தூக்கி நிழலில் போடும் மருத்துவப் பிரிவு கிடைத்தது. போகப்போக அது அவளுக்குப் பிடித்தும் போனது.

ஆயுத அறைப் பக்கமிருந்து ஜோவன் வந்தான். நண்பன் வீட்டில் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு முந்தின நாள் கிளம்பியவன். ஈர மணலில் நடப்பதுபோல் காலை அகட்டி வைத்து நடந்தான்.

"ஐஸ் குடு."

"எதுக்குடா?"

"குடுடி, கேக்காத."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் கால்சட்டையை இறக்கிக் காட்டினான். இரண்டு தொடைகளின் பின்புறமும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. சில இடங்களில் அடித்த கட்டையோடு தோல் பிய்ந்து போயிருந்தது. ஆர்லின் துணியில் ஐஸைச் சுற்றி வைத்தாள். அவன் தொட்டிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

"யாரு?"

"சீனியர் பால்மாரெஸ். அதிகாரி ஆகணும்னா இதெல்லாம் தாங்கணுமாம்."

"எதுக்குடா உனக்கு அதிகாரி?"

அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ போய்ச் சொல்லு ஆர்லின்" என்றான். "நானே சொன்னா பொட்டப் பயன்னு சிரிப்பாங்க. நீ சொல்லு. கூப்பிட்டுக் கேட்டா ஆமான்னு சொல்லிடறேன். சத்தியமா."

புதிதாக வருகிறவர்களை அடிப்பது குற்றம், சிறைத்தண்டனை உண்டு என்று கல்லூரி வாசலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். அதன் நிழலில் உட்கார்ந்துதான் எல்லோரும் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அணிவகுப்பு முடிந்ததும் வில்லாலூஸ் மேடம் குடிமைப் பாடம் எடுப்பார். நாட்டுச் சேவை முழுவதும் அவர் பொறுப்பு. தப்பைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பவன் குடிமகனே இல்லை என்பார். ஆர்லின் நேராக அவரிடம் போனாள். மேடம் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா போதும்மா" என்றார்.

அன்றைக்கு மைதானத்தில் வழக்கத்தைவிட அதிகம் பேர் மயங்கி விழுந்தார்கள். தண்ணீர் தெளித்துக்கொண்டே ஆர்லின் ஜோவனைத் தேடினாள். வரிசையில் அவன் இல்லை. கொடிமரத்துப் பக்கம், மரநிழலில், பால்மாரெஸ் அவன் தோளில் கை போட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஜோவன் தலையாட்டினான். பிறகு சிரித்தான்.

மதியம் அணிவகுப்பை நடத்தும் ராணுவக் கேப்டனின் அறைக்கு ஆர்லினைக் கூப்பிட்டார்கள். உள்ளே மேடமும் பால்மாரெஸும் இருந்தார்கள், ஜோவன் முன்பே வந்து விறைப்பாக நின்றிருந்தான். அவன் தோளில் புதிதாக ஒரு நீலக் கயிறு. மாணவ அதிகாரிகளாகத் தேர்ந்தவர்கள் மட்டும் அணிவது.

"உன்ன யாராவது அடிச்சாங்களா?" என்றார் கேப்டன்.

"இல்ல சார்."

"அப்புறம் காயம்?"

"குளியலறையில வழுக்கி விழுந்தேன் சார்."

ஆர்லின் அவனைப் பார்த்தாள். அவன் எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே சொன்னான், "ஆர்லினுக்குக் கொஞ்சம் பயம் ஜாஸ்தி சார். வீட்டுல கோழி அறுத்தாலே கண்ண மூடிக்குவா. அவளப் போயி மருத்துவப் பிரிவுல போட்டிருக்கீங்க."

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். பால்மாரெஸ் சிரிக்கவில்லை, அவளை இரக்கத்தோடு பார்த்தான். மேடமும் புன்னகைத்தார். பிறகு கையை நீட்டினார். செஞ்சிலுவைப் பட்டையைக் கழற்றித் தரச் சொல்கிறார் என்று புரிய ஆர்லினுக்குச் சற்று நேரமானது. அடுத்த வாரத்திலிருந்து ஊர்ப்பணிக்குப் போகலாம் என்றார். ஆற்றங்கரையில் குப்பை பொறுக்க ஆள் போதவில்லையாம்.

வாசலைத் தாண்டும்போது யாரோ கத்தினார்கள், "நர்ஸம்மா, எனக்கும் வழுக்கிருச்சு! வந்து ஐஸ் வைங்க!"

ஜோவனைச் சாலைமுனையில் பிடித்தாள்.

"நீதானடா சொல்லச் சொன்ன?"

"அப்ப வலிச்சுது."

"இப்ப?"

"உனக்குப் புரியாது ஆர்லின். அவங்க இப்ப என் அண்ணனுங்க." கயிற்றைத் தோளில் சரிசெய்துகொண்டான். "அவங்களும் ஒரு காலத்துல வாங்கினவங்கதான்."

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து பெரியம்மா சோறு வடிக்கும் நேரத்தில், பால்மாரெஸ் வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் முழுசாகச் சுட்ட கோழி. படியேறியதும் ஆசி கேட்டுக் குனிந்து பெரியம்மாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். இலோயிலோ ஊர் முழுக்கத் தேடினாலும் இப்போதெல்லாம் யார் இப்படிச் செய்கிறார்கள் என்று பெரியம்மா பூரித்துப்போனாள். அவனை மின்விசிறிக்கு நேராக உட்காரவைத்து, கோழியைத் தன் கையாலேயே பிய்த்து, பெரிய துண்டை அவன் தட்டில் வைத்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"ஆர்லின், இங்க வா. ஜோவன் ராத்திரியே எல்லாத்தையும் சொல்லிட்டான். இந்தப் பிள்ள மேலயா பழி போட்ட? உங்கம்மா காதுல விழுந்தா அங்க அவளுக்குச் சோறு இறங்குமா? மன்னிப்புக் கேளு."

ஆர்லின் ஈரக்கையோடு வந்து நின்றாள். ஒரு வார்த்தை போதும். ஜோவன் கால்சட்டையை இறக்கிப் பாருங்க என்று சொன்னால் போதும். ஜோவனைப் பார்த்தாள். அவன் தட்டைக் கையில் ஏந்தி, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சொன்னாலும் வழுக்கி விழுந்தேன் என்பான். பெரியம்மாவும் அதைத்தான் நம்புவாள்.

"மன்னிச்சிடுங்க சார்."

"சார்லாம் எதுக்கு?" பால்மாரெஸ் எலும்பைத் தட்டோரம் ஒதுக்கினான். "ஜோவனுக்கு அண்ணன்னா உனக்கும் அண்ணன்தானே."

"கேட்டியா, எவ்வளவு நல்ல மனசு" என்றாள் பெரியம்மா. இன்னும் கொஞ்சம் சோறு அள்ளிக்கொண்டு மகன் பக்கம் திரும்பிச் செல்லமாகக் கூப்பிட்டாள்.

"என்னடா தோத்தோ, அண்ணனே உக்காந்து சாப்பிடறாரு. நீ ஏன் நின்னுக்கிட்டே இருக்க?"