கைச்சரக்கு

காலையில் ஆய்வுக்கூட வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘நான்கு விசைகளும் ஒன்றே. இன்று விளக்கக் கூட்டம்.’ கீழே அவளுடைய அக்காள் கணவரின் படம். அவர்தான் அங்கே இயக்குநர்.

ஒன்பது வருடமாக இருவரும் சேர்ந்து பார்த்த வேலை. ஒரு பரப்பில் எவ்வளவு தகவல் அடங்கும் என்பதிலிருந்து வெளியின் வளைவு பிறக்கிறது. அந்த வளைவிலிருந்தே இயற்கையின் அடிப்படை விசைகளும் பிறக்கவேண்டும் என்பது அவர்கள் கோட்பாடு. ஈர்ப்பு வந்தது. மின்காந்தம் வந்தது. மென்விசை படாதபாடு படுத்திவிட்டு வந்தது. அணுக்கருவைக் கட்டிவைக்கும் வல்விசை மட்டும் வரவில்லை. வந்ததுபோல் காட்டியது, கட்டுரையின் எழுபத்தோராம் பக்கத்தில் அத்தான் தன்னிஷ்டத்துக்குச் செருகியிருந்த ஓர் எண். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, போன வாரம்தான் அதைப் பிடித்தாள். சொன்னதற்கு, “பாத்துக்கலாம்” என்றிருந்தார்.

நேராக அவர் அறைக்குப் போனாள்.

“அத்தான், அந்த எண்ணை எங்கேருந்து எடுத்தீங்க?”

“மூணு வந்துடுச்சில்ல, நாலாவது வராமலா போயிடும்? அதுவரைக்கும் இடம் பிடிச்சு வச்சிருக்கேன்.”

“துண்டு போட்டு வைக்க இதென்ன பஸ் சீட்டா?”

“மெதுவாப் பேசு. உங்க அக்கா முன்வரிசையில வந்து உக்காந்திருக்கா.”

அக்காளை இழுத்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்ததே அந்த அக்காளுக்காகத்தானே என்று தன்மீதும் ஆத்திரம் வந்தது.

கூட்டத்தில் அவர் சமன்பாட்டை எழுதி முடித்தார். கைதட்டல் ஓயுமுன் அவள் மேடையேறி, சாக்கட்டியை எடுத்து அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள்.

“இது கைச்சரக்கு. கோட்பாட்டுல இருந்து வரலை. எங்ககிட்ட இருக்கிறது மூணுதான்.”

“வேற எண்ணைப் போட்டுப் பாத்தீங்களா?” என்றார் ஒரு நிருபர்.

“எதைப் போட்டாலும் கோட்பாட்டுக்குப் பொருந்தும். அதான் பிரச்சினை.”

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அத்தான் பதவி அசையவில்லை. அவளைத்தான் உடைந்த நாற்காலிகள் கிடந்த அறைக்கு மாற்றினார்கள். அக்காள் ஒரு மாதம் போனை எடுக்கவில்லை.

எடுத்த அன்று, “அவர்கிட்ட தனியா சொல்லியிருக்கக் கூடாதாடி?” என்றாள்.

“சொன்னேன்க்கா. ரெண்டு தடவை.”

அக்காள் போனை வைத்துவிடவில்லை.

மூன்று விசைகளோடு கட்டுரையைப் புதிதாக எழுதினாள். மின்காந்தத்துக்கு வழி கண்டவர் அத்தான்தான். அதை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தலைப்புக்குக் கீழே அவர் பெயரை எழுதியபோது, அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்தது. வேறு தாள் எடுத்து மறுபடி எழுதினாள்.