சின்ன மாற்றம்தான்

ஹாஃபிஸா உருவாக்கிய கணினி மாடல் என்றாலே மூத்த புரோகிராமர் முருகவேலுக்கு ஆகாது. கொடைக்கானல் லாட்ஜ்களுக்கு அறை முன்பதிவு மென்பொருள் நடத்துகிற கம்பெனியில் இருவருக்கும் வேலை. அந்த மென்பொருளில் யார் எதை மாற்ற வந்தாலும், பழைய மாற்றங்களில் எவையெல்லாம் கவிழ்ந்தன என்று கற்றுவைத்திருந்த அந்த மாடல், இதில் ஆபத்து எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடும். இன்று அவருடைய மாற்றத்துக்குச் சிவப்புக் காட்டியது.

"ஏம்மா, ஒத்த வரிதான் மாத்திருக்கேன்! சீசன் வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வெரசா லைவ்ல ஏத்தணும். ஒம் மிஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

ஹாஃபிஸா அசரவில்லை. "அதுகிட்டயே காரணம் கேப்போம்ணே" என்று திரையைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை காரணமில்லை, அந்த ஒற்றை வரியும் காரணமில்லை. மாற்றத்தோடு சேர்த்த குறிப்பில் 'சின்ன மாற்றம்தான்' என்று அவர் எழுதியிருந்ததுதான் காரணம். அப்படி எழுதி ஏற்றியவைதான் அதிகம் கவிழ்ந்திருந்தன. சின்னதுதானே என்று எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

"இந்தா, சோதிச்சே காட்டுறேன்" என்று முருகவேல் வீம்பாக உட்கார்ந்து, ஒரே நாளுக்கு இரண்டு குடும்பங்களின் பெயரில் சோதனைப் பதிவு போட்டார். சன்னலை மூடிய மேகம் விலகுவதற்குள், ஒரே அறை இரண்டு குடும்பத்துக்கும் உறுதியாகிவிட்டது.

அவர் இரண்டு பதிவுகளையும் அழித்தார். "சரிம்மா. இனிமே அப்படி எழுதவே மாட்டேன்."

"ஐயய்யோ, எழுதுங்கண்ணே" என்றாள் ஹாஃபிஸா. "அதை வச்சுத்தான் அது உங்களைக் கண்டுபுடிக்குது."