கடைசி எழுத்து வரும்வரை

“‘யக்‌ஷி’க்கு உங்க அகராதியில என்ன அர்த்தம் எழுதப்போறீங்க, வாத்தியாரே?”

“அதுக்கு அவசரமே இல்ல, ஹவாகுல். நம்ம எழுத்து வரிசையில அந்தச் சொல்லோட எழுத்துதான் கடைசி.”

“அதுவரைக்கும் வருவீங்களா?”

“உங்க ஐஸ்கிரீம் இதே மாதிரி இருந்தா வருவேன்.”

ஏழு வருஷத்துக்கு முந்தைய பேச்சு. உய்குர் மொழி அகராதி வேலையாக உரும்சி நகரத்திலிருந்து குல்ஜாவுக்கு வந்த ஹோஷுர், ஜனங்களின் வாய்ச்சொல் கேட்க ஹவாகுலின் ஐஸ்கிரீம் கடையைத்தான் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஆப்பிள் மரத்தடி மேசையில் வந்து உட்காருவார். அவருக்கும் துணை இல்லை. ஹவாகுலும் கணவனைப் பறிகொடுத்தவள். வியாழக்கிழமையே மேசையைத் துடைத்து வைக்கும் பழக்கம் அவளுக்கு எப்போது வந்ததென்று அவளுக்கே தெரியாது.

இன்று, அகராதிச் சொற்களை எழுதிவைத்த சீட்டுகளில் கடைசிச் சீட்டை அவர் வாசித்துக் காட்டினார்.

“யக்‌ஷி. நல்ல. பழைய துருக்கிய வேர், ‘யக்’. நெருங்கி வர்றது, பொருந்துறது, மனசுக்குப் பிடிக்கிறது.”

பக்கத்து மேசையில் வண்டிக்கார ஸாவுத் வாயைத் துடைத்துக்கொண்டான். “ஏழு வருஷம் தேடி, நல்லதுன்னா நல்லதுன்னு கண்டுபிடிச்சிட்டாரு! அக்கா, இவருக்கு இன்னொரு கிண்ணம் ஐஸ்கிரீம் குடுங்க!”

“நீ முதல்ல உன் குதிரைக்குத் தண்ணி காட்டு, போ!” என்று அவனை விரட்டிவிட்டு அவள் திரும்பினாள். “அப்போ நல்லதுங்கிறது அவ்வளவுதானா, வாத்தியாரே? பக்கத்துல வந்து பொருந்திப்போறதா?”

“ஆயிரம் வருஷத்துக்கு முந்தி நம்ம ஆளுங்களுக்கு அது போதும்னு பட்டிருக்கு.” சீட்டை மடித்துப் பையில் வைத்தார். “வேலை முடிஞ்சுது. காலையில உரும்சிக்கு பஸ்.”

அவள் தேநீர்க் குடுவையை எடுத்துச் சாய்த்தாள். அவர் உள்ளங்கையால் தன் தேநீர்க் கிண்ணத்தை மூடினார். போதும் என்று பொருள். அதற்குமேல் ஊற்றுவது மரியாதை இல்லை. குடுவையைக் கீழே வைத்துவிட வேண்டும்.

அவள் வைக்கவில்லை. எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் தொண்டைவரை வந்து திரும்பிப்போன பேச்சு இன்று திரும்ப மறுத்தது.

“கையை எடுங்க, வாத்தியாரே. போகாதீங்க. இங்கேயே என் பக்கத்துலயே இருந்துடுங்க.”