தர்மேஷ் விழுங்கிய மணல்

அகமதாபாத்தில் எங்கள் கட்டடக் கம்பெனியில் திங்கள்கிழமை ஃபாஃப்டா என்கிற கடலைமாவுப் பலகாரத்தைப் பொரித்த மிளகாயோடு தின்பதும் வேலையில் சேர்த்தி. சைட் என்ஜினியர்கள் எல்லாரும் ஆபீசுக்கு வந்து, எங்கே சொதப்பியது, எப்படிச் சரிசெய்தோம் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நல்ல உபாயம் என்றால் சொன்னவன் பேரையே அதற்கு வைத்துச் சுவரில் எழுதச் சொல்வார் முதலாளியம்மா கோகிலாபென். என்ஜினியர் ஹேமல் பேரில் 'ஹேமல் சாரம்', 'ஹேமல் மூடி' என்று ஏற்கெனவே இரண்டு. அவற்றைப் பார்த்தால் இன்னொரு என்ஜினியரான தர்மேஷுக்கு ஃபாஃப்டா தொண்டையில் இறங்காது. வெறும் மிளகாயைக் கடித்துக்கொண்டிருப்பான்.

இத்தனைக்கும் தர்மேஷ் கட்டிய குளியலறைகள் மட்டும்தான் ஒழுகாதவை. தளத்தைத் துளைத்து இறங்கும் வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாயைச் சிமெண்ட் பிடிக்காது; இடுக்கில் தண்ணீர் கசியும். அவன் குழாயில் பசை தடவி, காய்வதற்குள் மணலைத் தூவிவிடுவான், சிமெண்ட் கவ்விக்கொள்ளும். இது அவனுக்கும் அவன் பிளம்பருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

புது அடுக்குமாடிக்குத் தலைமை தர்மேஷா, ஹேமலா என்று பேச்சு அடிபட்ட நேரம். ஹேமல் சைட்டில் குளியலறைகள் ஒழுகின. நேராக இவனிடமே வந்தான்.

"தர்மேஷ்பாய், உங்க பாத்ரூம் மட்டும் எப்படி ஒழுகாம நிக்குது? சொல்லுங்களேன்."

"குழாய்ல பசை தடவு. அவ்வளவுதான்."

மணலை விழுங்கிவிட்டான்.

அடுத்த திங்கள் ஹேமல் எழுந்தான். "பசை மட்டும் தடவிப் பார்த்தேன். கண்ணாடியாட்டம் காஞ்சு, முன்னைவிட மோசமா ஒழுகுது. யாரும் செய்யாதீங்க." யார் சொன்ன யோசனை என்று மூச்சுவிடவில்லை. "ஆனா ஒரு குழாய்ல பசை காயறதுக்குள்ள புழுதிக்காத்து அடிச்சு மண் ஒட்டிக்கிச்சு. அது சொட்டு விடல! இப்ப எல்லாத்துக்கும் நானே மணல் தூவிட்டேன்."

"பேஷ்! 'ஹேமல் மணல்'னு எழுதுங்க," என்றார் கோகிலாபென்.

தர்மேஷ் துள்ளி எழுந்தான். "அது என் மணல்!"

"உன்னோடதா? எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமா! என் பிளம்பரைக் கேளுங்க!"

கோகிலாபென் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இந்த மூணு வருஷமா மத்த சைட்ல ஒழுகினதெல்லாமும் உன்னோடதுதான், தர்மேஷ்."

அடுக்குமாடி ஹேமலுக்குப் போயிற்று. ஒழுகுகிற வீடுகளைச் சரிசெய்யும் வேலை தர்மேஷுக்கு. ஆனால் கோகிலாபென் நியாயம் தவறவில்லை. சுவரில் 'தர்மேஷ் மணல்' என்றுதான் எழுதவைத்தார்.

அன்று சாயங்காலமே தர்மேஷ் கையில் மணல் வாளியோடு என் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"பார்த்தியா பாய்? சுவத்துல என் பேரைவிட அந்த ஹேமல் பேரை எவ்ளோ பெருசா எழுதியிருக்காங்க!"