நூறு பச்சைப் புள்ளி

நூறாவது பச்சைப் புள்ளியைப் பலகையில் குத்தியபோது வில்லாரூஸ் மேடம் சிரித்தார். பிலிப்பைன்ஸில் இலோய்லோ நகருக்கு வெளியே இருந்த அந்தச் சிறையில் புள்ளி முறையைக் கொண்டுவந்த அதிகாரி அவர்தான். வரிசையில் ஒழுங்காக நின்றால் புள்ளி, பட்டறை வேலைக்குப் போனால் புள்ளி, வகுப்புக்கு வந்தால் புள்ளி. கை நீட்டினால் மொத்தமும் போச்சு. பார்க்க வருபவர்கள் நின்று பேசும் கம்பி வலைப் பக்கம் குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது. நூறு சேர்த்தவன் மட்டும் மாதம் ஒரு மணி நேரம், முற்றத்து மாமரத்தடியில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேசலாம்.

கிறிசாந்தோவுக்கு அது ஆறு மாத உழைப்பு. மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருப்பவன். அந்தக் கோபத்தில் ஒருவரைக் கத்தியால் குத்திவிட்டுத்தான் உள்ளே வந்தான். அப்படிப்பட்டவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

"வாங்க, புனித கிறிசாந்தோ! ஆசீர்வாதம் பண்ணுங்க," என்று பக்கத்துப் பாய்க்காரன் நோனோய் இவன் தட்டிலிருந்தே கருவாட்டை எடுத்துத் தின்பான்.

"தின்னுடா, வயிறு வெடிக்கட்டும்," என்பதோடு இவன் நிறுத்திக்கொள்வான்.

கூலிக்கு நல்லவனாக இருப்பதும் ஒரு நல்லதனமா என்று கேட்பவர்கள் உண்டு. எண்பது பேர் படுக்கும் கூடத்தில், ஒருத்தன் முழங்கால் இன்னொருத்தன் முதுகில் இடிக்க, ஒரு வாரம் கை நீட்டாமல் இருந்து பார்த்துவிட்டு அவர்கள் கேட்கட்டும்.

வியாழக்கிழமை வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற மனைவி ரொவேனாவிடம் மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னான். அவள் முகம் மலரவில்லை.

"அனாலினை எப்படிக் கூட்டிட்டு வர்றது? நீ சவூதில லாரி ஓட்டுறன்னுதானே அவளுக்குத் தெரியும்?"

அந்தப் பொய் அவனுடையதுதான். தெருவில் பாதி அப்பன்மார் சவூதியிலோ துபாயிலோ இருக்கிறார்கள். அப்பா எங்கே என்று கேட்கும் மூன்று வயதுக் குழந்தையிடம் வேறு எதைச் சொல்வது? ஞாயிறுதோறும் சிறைத் தொலைபேசியில், "இங்க வெயில் கொளுத்துதும்மா, இன்னிக்கு ஒட்டகம் பார்த்தேன்," என்று நாலு வருஷமாக அளந்துவிட்டான். மகளுக்கு இப்போது ஏழு வயது. புள்ளி சேர்ப்பதிலேயே கண்ணாக இருந்தவன் இதை யோசிக்கவே இல்லை.

நோனோயிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை. "எல்லாரும் வெள்ளைப் போர்வையச் சுத்திக்குவோம்டா. மேடம்தான் ஷேக்கோட சம்சாரம்னு சொல்லிடலாம்."

கூடமே சிரித்தது. கிறிசாந்தோ சிரிக்கவில்லை. மறுநாள் மேடத்திடம் போய் நின்றான்.

"இந்த மஞ்சள் கைதிச் சட்டைக்குப் பதிலா அன்னிக்கு மட்டும் வேற சட்டை போட்டுக்கட்டுமா மேடம்? இது கம்பெனி முகாம், லீவுல வந்திருக்கேன்னு சொல்லிக்கிறேன்."

"சட்டை தர்றேன். விதியில தடை ஒண்ணுமில்ல," என்றார் அவர். "ஆனா மணி அடிச்சதும், 'வீட்டுக்கு வாப்பா'ன்னு அவ உன் கையப் பிடிச்சு இழுப்பாளே, அப்ப என்ன சொல்வே?"

சட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். பயம்தான். கத்திக்குப் பயப்படாதவன் ஏழு வயதுப் பெண்ணுக்குப் பயந்தான்.

சனிக்கிழமை அனாலின் வந்தாள். வரும் வழியில் ரொவேனா பாதியைச் சொல்லியிருந்தாள். மீதியை அவன் மாமரத்தடியில், மஞ்சள் சட்டையிலேயே உட்கார்ந்து சொன்னான். கோபத்தில் ஒருவரைக் குத்தியதையும், நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டதையும் சொன்னான். ஒட்டகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை என்றும் சொன்னான். பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வரவில்லை.

"வீட்லேருந்து இங்க வர ரெண்டே ஜீப்னி வண்டி ஏறினாப் போதும்," என்றாள்.

"ஆமாம்மா."

"என் பிறந்தநாளுக்கும் இங்கதான் இருந்தியா?"

"இங்கதான்."

"மேல போற பிளேனுக்கெல்லாம் நான் கை காட்டினேன்!"

சொல்லிக்கொண்டே பாய்ந்து வந்து அவன் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். பிறகு இன்னொன்று. காவலர் நகர்ந்து வந்தார். மேடம் கையசைத்து அவரை நிறுத்தினார். கிறிசாந்தோ கைகளைத் தொங்கவிட்டபடி அத்தனையையும் வாங்கிக்கொண்டான். அவளை அள்ளி எடுக்காமல் இருப்பதற்கு அந்த ஆறு மாதப் பொறுமை முழுவதும் வேண்டியிருந்தது.

மணி அடித்தது. அவள் குத்துவதை நிறுத்தினாள். ஆனால் அவன் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை.

"அடுத்த மாசமும் வருவேன்," என்றாள், புறங்கையால் மூக்கைத் துடைத்தபடி. "இன்னும் அடிக்க வேண்டியிருக்கு."