அட்டை பிடித்த மத்தியானம்

ஒரு குதிரைப் படத்தைச் சின்னப் பிள்ளைகள் பார்க்கலாமா கூடாதா என்று புதுப்பட்டினத்தில் மூன்று பெரியவர்கள் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஜெபசிங்குக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று பேரில் அவனும் ஒருத்தன்.

ஊர்க் கிறிஸ்தவ சபையில் கோடை விடுமுறைப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. பத்து நாள் பாட்டு, கதை, வண்ணம் தீட்டுதல். கடைசி நாள் மத்தியானம் ஒரு படம் போட்டு, கேக்கும் ஜூஸும் கொடுத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். இந்த வருஷம் பிரிசில்லா டீச்சர் தேடிப் பிடித்தது ஒரு குதிரைப் படம். வெளிநாட்டுக்காரர்கள் தமிழில் பேசுவார்கள். ஒரு பண்ணை, ஒரு சிறுமி, ஒரு பழுப்புக் குதிரை. குடும்பத்தோடு பார்க்கலாம் என்று மேலேயே போட்டிருந்தது.

"முத்தம் கெடயாது, வெட்டுக்குத்து கெடயாது, பாட்டில் கெடயாது. நாலு கால் பிராணி. புள்ளைங்க பாக்கறதுக்கு இதுக்கு மேல இன்னா வோணும்?" என்றார் சபை மூப்பர் ஆபிரகாம்.

"நடுவுல குதிரைக்கு முடியாம போயிடுது ஐயா. படுத்துடுது. டாக்டர் வந்து பாத்து உதட்டப் பிதுக்குறாரு. நம்ம புள்ளைங்கள்ல பாதி ஆறு வயசு, ஏழு வயசு. அதான் ஜெபசிங் அண்ணனக் கூப்ட்டேன்" என்றாள் பிரிசில்லா.

குதிரை என்றால் அந்தத் தெருவில் ஜெபசிங்கைத்தான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷம் மாமல்லபுரம் கடற்கரையில் குதிரைச் சவாரி விட்டவன். பவுனு என்று ஒரு பெண்குதிரை. அதன் முதுகில் ஏறிப் படம் பிடித்துக்கொள்ளாத சுற்றுலாக்காரன் இல்லை. இப்போது அவன் அதே ஊரில் ஒரு ஓட்டலில் தோட்ட வேலை பார்க்கிறான். போன மழையில் பவுனுக்கு வயிற்று வலி வந்து, குட்டியானை வண்டி பிடித்துச் செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனான். திருக்கழுக்குன்றம் தாண்டவில்லை, வண்டியிலேயே உயிர் போய்விட்டது. அந்தப் பக்கத்திலேயே குழி வெட்டிப் புதைத்துவிட்டு, வெறும் கயிற்றோடு வீடு திரும்பினான்.

வாசலில் மகள் சிநேகா நின்றாள். ஆறு வயது. "பவுனு எங்கப்பா?" என்றாள். பாழாய்ப் போன நாக்கு புரண்டது. "செங்கல்பட்டு ஆஸ்பத்திரில கீது பாப்பா. ஒடம்பு தேறுனதும் வந்துரும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக் கேலி பேசுவோம். இவன் மறைத்தது முழுக் குதிரையை. ஊருக்கே தெரியும், பெட்டிக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சின்னப் பெண்ணிடம் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதோடு போயிருந்தால் எப்போதாவது சொல்லித் தொலைத்திருப்பான். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் மனைவி ரெபேக்காளுக்கு, எட்டாம் மாசத்தில், ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அதே செங்கல்பட்டு. பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பிள்ளை கத்திக் கூப்பாடு போடும் என்று எல்லோரும் பயந்தார்கள். அவளோ நிதானமாகச் சொன்னாள்: "அங்கதாம்மா பவுனும் கீது. அதப் போய் பாரு. ரெண்டு பேரும் ஒண்ணா வந்துருங்க."

அன்றைக்குத்தான் ஜெபசிங்குக்கு விளங்கியது: செங்கல்பட்டுக்குப் போனால் தேறித் திரும்பி வருவார்கள் என்பதுதான் பிள்ளையின் தைரியம், அந்தத் தைரியம் நிற்பதோ ஒரு செத்த குதிரையின் முதுகில். தினம் சாயங்காலம் போனில் ரெபேக்காளும் "பவுனு சௌக்கியமா கீதும்மா" என்று சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது. சொல்லச் சொன்னது இவன்தான்.

அதனால் அவன் முடிவாகச் சொன்னான்: "இந்தப் படம் வாணாம் டீச்சர்."

"அண்ணா, கடசில எந்திரிச்சிடும். டாக்டர் போனதும் விடியக்காத்தால எந்திரிச்சி நிக்கும்."

"படுத்த குதிர எந்திரிக்காது. எனக்குத் தெரியும்."

"நீ பாத்தியா?" என்றார் ஆபிரகாம்.

பார்க்கவில்லை. டீச்சர் போனில் போட்டுக் கொடுத்தபோது, குதிரை முன்னங்கால் மடங்கி விழுந்த இடத்திலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"அட, இதுக்கா இவ்ளோ பேஜாரு? அட்டயப் புடிச்சா முடிஞ்சிச்சி" என்று தீர்ப்புச் சொன்னார் மூப்பர்.

அட்டை என்பது அந்தச் சபையின் நெடுநாள் ஏற்பாடு. படம் போடும்போது பிள்ளைகள் பார்க்கக் கூடாத கட்டம் வந்தால், புரொஜெக்டருக்கு முன்னால் ஒருவர் தினசரிக் காலண்டர் அட்டையைப் பிடிப்பார். கட்டம் முடிந்ததும் எடுத்துவிடுவார். இருபது வருஷமாக ஆபிரகாம்தான் அட்டை பிடித்தார். எத்தனையோ முத்தங்களை அந்தக் கையால் மறைத்தவர், இப்போது தோள்பட்டை வலி.

"நீயே புடி ஜெபசிங்கு. ஒனக்குத்தான் மனசு கேக்கல."

"டாக்டர் கார்ல ஏறுனதும் எடுத்துடுங்கண்ணா. மறந்துடாதீங்க" என்றாள் டீச்சர் இரண்டு தடவை.

சனிக்கிழமை மூன்று மணி. ஜன்னல்களில் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். முப்பது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சிநேகா முதல் வரிசை. குதிரை வந்ததும், "எங்க பவுனு மாதிரியே கீது!" என்று கத்தினாள். பக்கத்தில் இருந்த பாலா என்ற பையன், "ஒங்குளுது இவ்ளோ பெருசு இல்ல" என்றான். "எங்குளுதும் பெருசுதான்டா, அது ஆஸ்பத்திரில எளச்சிப் போயி கீது." ஜெபசிங் புரொஜெக்டர் பக்கத்தில், கையில் அட்டையோடு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

குதிரை விழுந்தது. அட்டை எழுந்தது. சுவர் இருண்டது.

இப்படி அட்டை பிடிக்கிற சபைக்குச் சத்தத்தையும் குறைக்க வேண்டும் என்ற யோசனை இருபது வருஷத்தில் ஒரு நாளும் வந்ததில்லை பாருங்கள். முத்தத்துக்கு ஏது சத்தம்? குதிரைக்கு உண்டு. ஸ்பீக்கரில் அது முனகியது. மூச்சு சீறியது. படத்துச் சிறுமி "போகாதே, போகாதே" என்று அழுதாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத பிள்ளைகள் காதில் விழுந்ததை வைத்து அவரவர் மனதில் ஒரு படம் ஓட்டிக்கொண்டார்கள். அது நிஜப் படத்தைவிடப் பயங்கரமாகத்தான் இருந்திருக்கும்.

ஜெபசிங்குக்கு வேறு சங்கடம். சுவரில் விழ வேண்டிய படம் எங்கே போகும்? அவன் பிடித்த அட்டையில்தான் விழுந்தது. உள்ளங்கை அகலத்தில், கலங்கலாக. எதைப் பார்க்க மாட்டேன் என்று போனைத் திருப்பிக் கொடுத்தானோ, அதைக் கையிலேயே ஏந்திக்கொண்டு நின்றான்.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். காரில் ஏறினார். அட்டையை எடுக்க வேண்டிய நேரம் அதுதான், அவன் எடுக்கவில்லை. அவன் கண் குதிரையின் முன்னங்காலில் இருந்தது. எழுந்திருக்க நினைக்கிற குதிரை முதலில் முன்னங்காலை நீட்டும். அன்றைக்கு வண்டியில் பவுனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, 'நீட்டுடி, ஒரு தடவ நீட்டுடி' என்று எவ்வளவு கெஞ்சியிருப்பான்! அட்டையில் பொழுது விடிந்தது. குதிரை ஒரு காலை நீட்டியது. இன்னொரு காலை நீட்டியது. உடம்பை ஒரு உந்து உந்தி, தடுமாறி, நின்றேவிட்டது. ஜெபசிங்குக்குக் கண்ணில் தண்ணீர் தாரையாக ஊற்றியது.

"அண்ணா, அட்டை! அட்டைய எடுங்க!" என்று டீச்சர் ஓடிவந்தாள்.

எடுத்தபோது சுவரில் பச்சைப் புல்வெளி. குளித்துச் சீவி மினுமினுவென்று ஒரு குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

"இது வேற குதிர! அந்தக் குதிர செத்துப்போச்சி!" என்றான் பாலா.

அவ்வளவுதான். ஒன்று அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழ, கூடமே ஒப்பாரி வைத்தது. டீச்சர் படத்தை நிறுத்தினாள்.

"சாவல! அதே குதிரதான்! எந்திரிச்சி நின்னுச்சி, என் கண்ணால பாத்தேன்!" என்று ஜெபசிங் கத்தினான். பேசினவன் முகமெல்லாம் கண்ணீர். யார் நம்புவார்கள்?

சிநேகா அழவில்லை. எழுந்து அவனிடம் வந்தாள்.

"எந்திரிச்சிச்சின்னா ஏம்ப்பா மறைச்ச?"

அவன் அட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"நல்லதா இருந்தா யாராச்சும் மறைப்பாங்களா?" என்றாள். பிறகு, மெதுவாக, "பவுனு செத்துப்போச்சா?" என்றாள்.

அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனான். வாசற்படியில், முப்பது ஜோடி செருப்புக்கு நடுவில், இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகட்டும் என்று காத்திருந்தான். வேறு சாக்கு அகப்படவில்லை.

"ஆமா பாப்பா. செத்துப்போச்சி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே."

"வலிச்சிச்சா?"

"வலிச்சிச்சி."

"நீ கூட இருந்தியா?"

"தலைய என் மடியிலதான் வெச்சிக்கினு இருந்துச்சி."

கொஞ்ச நேரம் ஒரு செருப்பின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "அம்மா தெனமும் பவுன பாத்தேன்னு சொன்னாங்களே."

"நான்தான் சொல்லச் சொன்னேன். அம்மா மேல தப்பு இல்ல. நான்தான் பொய்க்காரன்."

அவள் தன் கையை அவன் கையிலிருந்து உருவிக்கொண்டாள். அது அவனுக்கு அறைந்த மாதிரி வலித்தது. அடுத்து என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். இந்த இரண்டு வாரமாக அவன் பயந்து செத்ததே அந்தக் கேள்விக்குத்தான்.

"அம்மா வருவாங்களா?"

'வராம எங்கம்மா போவாங்க?' என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினான்.

"வந்துருவாங்கன்னுதான் டாக்டரம்மா சொல்லிக்கினு கீறாங்க. கொதிப்பு எறங்கணும். நேத்து கொஞ்சம் எறங்கிச்சாம். இன்னிக்கு எவ்ளோன்னு சாயங்காலம் போன் பண்ணித்தான் கேக்கணும். நீயே கேளு, இனிமே அம்மா ஒண்ணும் மறைக்க மாட்டாங்க." ஒரு செருப்பை எடுத்து அதன் ஜோடியோடு சேர்த்து வைத்தான். "எனக்கும் பயமாத்தான் கீது கண்ணு."

சிநேகா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்பனுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. பிறகுதான் உதடு கோணியது. "பவுனூ..." என்று பெருங்குரலெடுத்து அழுதாள். ஐந்து மாசத்து அழுகை. அவன் மடியில் முகத்தைப் புதைத்து, அவன் கையை அவளாகவே இழுத்து வைத்துக்கொண்டு அழுதாள். அவனும் வெட்கமில்லாமல் சேர்ந்து அழுதான். சாலையில் போன மீன்காரி ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

உள்ளே பிரிசில்லா படத்தைப் பின்னால் ஓட்டி, விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் போட்டிருந்தாள். இந்த முறை அட்டை கிடையாது. முனகல் கேட்டது, கார் கிளம்புவது கேட்டது. திடீரென்று எல்லாத் தொண்டையும் ஒன்றாகக் கூவின. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

சிநேகா தலையைத் தூக்கினாள். "எந்திரிச்சிடுச்சாப்பா?"

"எந்திரிச்சிடுச்சி பாப்பா. மொதல்ல ஒரு காலு, அப்பறம் இன்னொரு காலு. போ, உள்ள போய்ப் பாரு. இன்னும் நின்னுக்கினுதான் இருக்கும்."

அவள் கதவைப் பார்த்தாள். நாலு எட்டு வைத்தால் போதும்.

"வாணாம். நீதான் பாத்தேன்னு சொன்னியே" என்று சொல்லிவிட்டு, அவன் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.