ஓடைக்கு மார்க்

“பிளீச்சிங் பவுடரா? ஓடையிலயா? அண்ணி, உங்களுக்கு என்ன—”

“கத்தாதே, கத்தாதே, அந்தம்மா காதுல விழப்போகுது. ரெண்டே ரெண்டு பை—”

“ரெண்டு பையா!”

“சின்னப் பைதான். கரையோரமா கோடு போட்ட மாதிரி தூவிட்டு, மிச்சத்தைத் தண்ணியில—”

“தண்ணியிலயும் கொட்டினீங்களா?”

“பின்னே? கரை மட்டும் பளிச்சுன்னு இருந்தாப் போதுமா? நீதானே சொன்னே, ஓடைக்கு மார்க் போட ஆள் வருதுன்னு!”

சமையலறை ஜன்னலில் இரண்டு தலைகளும் இடித்துக்கொண்டு நின்றன. கழுத்தில் அளவு டேப் தொங்கியது நாத்தனாருக்கு. அந்தத் தெருவுக்கே அவள்தான் தையல்காரி. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தவள் அவளுடைய அண்ணன் மனைவி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவுப் பிரிவுக்குத் தலைவி. நடுவில் இருக்கவேண்டிய அண்ணன், நெடுந்தூர பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாட்களில் இந்தச் சத்தத்தைத் தாலாட்டாக வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார்.

ஜன்னலுக்கு வெளியே, பின்வாசல் படிகளுக்குக் கீழே, ஓடை. தாண்டிக் குதிக்கிற அகலம்தான். அதற்குள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் குனிந்து கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஓடைகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. எதிர்க்கரையில், பளபளக்கும் ஷூவில் சேறு படாமல் கால் மாற்றிக் கால் ஊன்றி நின்றவர், அந்தக் காலி நிலத்தில் அடுக்குமாடி கட்டப்போகும் கம்பெனியின் ஆள்.

கம்பெனியின் வரைபடத்தில் இந்த ஓடைக்கு ‘வடிகால்’ என்று பெயர். வடிகால் என்றால் மேலே கான்கிரீட் மூடி போட்டு, விளிம்பு வரை மதில் எழுப்பலாம். உயிருள்ள ஓடை என்றால் கரையிலிருந்து இருபது மீட்டருக்கு ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. புல்லும் மரமுமாக அப்படியே விட்டுவிட வேண்டும். போன பெருமழையில் தண்ணீர் இந்த வீட்டுப் படியில் ஏறிப் பார்த்துவிட்டு, என்ன நினைத்ததோ, திரும்பி அந்தக் காலி நிலத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அங்கே மதில் வந்தால் அது படுக்க இடம் இந்தச் சமையலறைதான். அதனால்தான் நாத்தனார் மனு எழுதிப்போட்டு, அலையாய் அலைந்து, இந்தப் பூட்ஸ்காரம்மாவை வரவழைத்திருந்தாள்.

“எங்க ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தா, முந்தின நாள் சாயங்காலமே மூலை முடுக்கெல்லாம் பவுடர் போட்டுடுவோம்” என்றாள் அண்ணி. “வர்றவங்க மூக்கைச் சுருக்கிக்கிட்டே ‘சுத்தம்’னு எழுதிட்டுப் போவாங்க. ஒரு தடவைகூட மார்க் குறைஞ்சதில்ல.”

“அங்க பூச்சி இல்லேன்னா மார்க். இங்க பூச்சி இருந்தாத்தான் மார்க்!”

“பூச்சிக்கா மார்க்?”

“கல்லுக்கு அடியில என்னென்ன பூச்சி உசிரோட இருக்குன்னு பார்த்துத்தான் இது ஓடையா, சாக்கடையான்னு முடிவு பண்ணுவாங்க.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? வாயில என்ன, குண்டூசியா?”

“குண்டூசிதான்! தைக்கும்போதுதானே கேட்டீங்க? அதான் சுருக்கமா மார்க்குன்னேன்.”

வெளியே பூட்ஸ்காரம்மா இன்னொரு கல்லைப் புரட்டினாள். வலையால் அடிமணலைக் கலக்கி, அள்ளியதை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, உற்றுப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், ஜலதோஷம் பிடித்திருந்தது அவளுக்கு. இல்லாவிட்டால் வந்தவுடனே கண்டுபிடித்திருப்பாள். கரையில் கிடந்த வெள்ளைக் கோட்டை, கம்பெனி போட்ட சுண்ணாம்புக் கோடு என்று நினைத்துத் தாண்டியிருந்தாள்.

“என்ன மேடம், ஒண்ணுமே கிடைக்கல போலிருக்கே?” கம்பெனிக்காரர் குரலில் சர்க்கரை. “கொசுப்புழுகூட இல்ல பாருங்க. நாங்க அப்பவே சொன்னோம், வடிகால்னு.”

“ஆச்சரியமாத்தான் இருக்கு. பார்க்க நல்ல தண்ணி மாதிரி இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல. எழுதிட வேண்டியதுதான்.”

அண்ணி ஜன்னலை விட்டு நகர்ந்தாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள்.

“எங்க போறீங்க?”

“சொல்லிட்டு வர்றேன்.”

“வேண்டாம் அண்ணி. மனு போட்டது நான். அந்த வீட்டுக்காரங்களே மருந்து போட்டுட்டாங்கன்னு எழுதிட்டா, அப்புறம் நம்ம பேச்சை யார் கேப்பாங்க? வாயைத் திறக்காதீங்க. வேற ஏதாவது வழி பண்ணிக்கலாம்.”

“என்ன வழி?”

நாத்தனார் பிடியை இறுக்கினாள்.

“விடு கையை. நான் கெடுத்ததை நானே போய்ச் சொல்றேன்.”

“உங்களைக் கேவலமாப் பேசுவாங்க, அண்ணி.”

“ஆஸ்பத்திரியில நான் கேக்காத பேச்சா?”

செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் அண்ணி படியிறங்கினாள்.

“டாக்டரம்மா!”

பூட்ஸ்காரம்மா நிமிர்ந்தாள். “நான் டாக்டர் இல்லம்மா.”

“குனிஞ்சு நாடி பார்க்கிறீங்கள்ல, எங்களுக்கு டாக்டர்தான். நீங்க எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இதுக்கு நேத்து சாயங்காலம் நான் பிளீச்சிங் பவுடர் போட்டுட்டேன்.”

எதிர்க்கரையில் கம்பெனிக்காரர் கைதட்டாத குறை. “பாத்தீங்களா மேடம்! கரையிலயே குடியிருக்கறவங்க, அவங்களே இதைச் சாக்கடைன்னு நினைச்சுத்தான் பவுடர் போட்டிருக்காங்க. இதையும் சேர்த்து எழுதிக்கோங்க.”

“சாக்கடைன்னு யாருங்க சொன்னது?” அண்ணி அவர் பக்கம் திரும்பினாள். “போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி பிள்ளை மூஞ்சியில பவுடர் பூசறதில்ல? அப்படித்தான் நானும் பூசினேன். பவுடர்தான் வேறயாப்போச்சு.”

பூட்ஸ்காரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து, தும்மிவிட்டாள். பிறகு முகம் மாறியது. படியோரம் குனிந்து வெள்ளைத் தூளைத் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய், கையைத் தண்ணீரில் கழுவினாள்.

“எங்கேருந்து எது வரைக்கும் போட்டீங்க?”

“எங்க படியிலேருந்து கீழ வளைவு வரைக்கும். மேல நடைபாலம் வரைக்கும் போடணும்னுதான் ஆசை. பவுடர் தீர்ந்துபோச்சு.”

“நல்லவேளை, தீர்ந்துச்சு” என்று சொல்லி வலையைத் தோளில் போட்டுக்கொண்டாள் அவள். “வாங்க, பாலத்துக்குப் போகலாம்.”

“அங்க எதுக்கு மேடம்? அது ரொம்ப மேல இருக்கே?”

“உங்க நிலம் அந்தப் பாலத்தடியிலதான் ஆரம்பிக்குது. வரைபடத்துல நீங்களே போட்டிருக்கீங்க சார்.”

பாலத்தடியில் தண்ணீர் கூழாங்கற்களுக்கு மேல் சலசலத்தது. பூட்ஸ்காரம்மா வலையை வைத்துக் கால்களால் அடிமணலைக் கிளறினாள். அதற்குள் நாத்தனாரும் வந்து சேர்ந்திருந்தாள், கழுத்து டேப்போடு. வெள்ளைத் தட்டைக் கரையில் வைத்ததும் நான்கு தலைகள் அதன்மேல் கவிழ்ந்தன. மணல், இலைத் துணுக்கு, மறுபடி மணல். ஓரத்தில் நீலமாக ஏதோ மின்னியது.

“குப்பை” என்றார் கம்பெனிக்காரர். “சமிக்கி. ஜாக்கெட்டுல ஒட்டறாங்களே, அது.”

“பொறுங்க.”

“என்ன பொறுக்கறது மேடம், சமிக்கி எங்க ஓடிடப்போகுது?”

சமிக்கி ஓடவில்லை. நடந்தது. விரல் நகமளவு ஒரு சின்னக் குழல், மணலும் நீலச் சமிக்கியுமாக ஒட்டி இழைத்தது, முன்பக்கம் ஆறு கால்களை நீட்டித் தட்டின் குறுக்கே தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று.

“ஐயோ, சட்டை போட்டிருக்கு!” என்றாள் அண்ணி.

“அது என் சமிக்கி” என்றாள் நாத்தனார் மெல்ல.

“இது கூடு கட்டுற புழு” என்றாள் பூட்ஸ்காரம்மா. ஜலதோஷத்தையும் மீறி அவள் குரல் துள்ளியது. “கிடைக்கிற மணல், சின்னக் கல், எல்லாத்தையும் கோத்துத் தனக்கு வீடு கட்டிக்கும். நல்ல தண்ணி, நிக்காம ஓடுற தண்ணி இருந்தாத்தான் இது பிழைக்கும். இதோ பாருங்க, மூணு வால் வெச்ச பூச்சி. இதுவும் அப்படித்தான். சாக்கடையில ரெண்டையும் தேடினாலும் பார்க்க முடியாது. ஆனா சமிக்கி எப்படி இங்க வந்துச்சு?”

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். “மெஷினுக்கு அடியில விரிக்கிற துணியைத் தினமும் இந்தப் பாலத்துமேல வந்துதான் உதறுவேன். வீட்டுல உதறினா சோத்துல சமிக்கி விழுதுன்னு இவங்க விரட்டுவாங்க.”

“விரட்டினது நல்லதாப்போச்சுல்ல?”

“நல்லதில்லம்மா” என்றாள் பூட்ஸ்காரம்மா கண்டிப்பாக. “பிளாஸ்டிக். பாவம், கல்லுன்னு நினைச்சு ஒட்டிக்கிச்சு. இனிமே குப்பைத்தொட்டியில உதறுங்க. ஓடைக்குப் பவுடரும் வேண்டாம், சமிக்கியும் வேண்டாம். அது சும்மாவே அழகாத்தான் இருக்கு.”

இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள்போலத் தலையாட்டினார்கள்.

“அப்ப மேடம், எங்க பிளான்...” கம்பெனிக்காரர் இழுத்தார்.

“ஓடைன்னுதான் எழுதப்போறேன். கீழ்ப்பகுதியை மழைக்கு அப்புறம் வந்து மறுபடி பார்ப்பேன். மேல இவ்வளவு உயிர் இருந்தா அங்கயும் திரும்பி வந்துடும். இப்ப இந்த நீள டேப்பைப் பிடிங்க சார், கரையிலேருந்து அளக்கணும்.”

மதில் வரவிருந்த இடத்தைத் தாண்டி, காலி நிலத்துக்குள்ளே வெகுதூரம் போய், பூட்ஸ்காரம்மா நட்ட முதல் சிவப்புக் கொடி நின்றது. அடுத்தது, அதற்கடுத்தது என்று ஓடையின் வளைவுக்கெல்லாம் வளைந்து வரிசை போயிற்று. பளபளத்த ஷூவில் இப்போது சேறு. நாத்தனார் கொடிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் படுக்க இடம் இருக்கிறது. வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

புறப்படும்போது பூட்ஸ்காரம்மா அண்ணியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீங்க வந்து சொல்லலேன்னா, உயிர் இல்லைன்னு எழுதிட்டுப் போயிருப்பேன். அது தப்புன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது. ரொம்ப நன்றிம்மா.”

நன்றி என்ற சொல்லை நேருக்கு நேர் வாங்கிப் பழக்கமில்லாத அண்ணி, “காபி ஆறிடும், குடிங்க” என்றாள். காபி இன்னும் போடவே இல்லை.

சாயங்காலம் தையல் அறையில் விளக்கு எரிந்தது. பின்கதவு வழியாக ஓடையின் சத்தம் வந்தது. நாத்தனார் மெஷின்முன் உட்கார்ந்திருந்தாள். பெருமழை அன்று தண்ணீர் படியேறியதும், அண்ணி தன் துணிப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முதலில் தூக்கிக் கட்டில்மேல் வைத்தது இந்த மெஷினைத்தான். அன்றைக்கும் நாத்தனார் நன்றி என்று சொல்லவில்லை. ‘பார்த்து, இடிக்கும்’ என்று மட்டும் கத்தினாள்.

அலமாரியின் அடித்தட்டில், ஊரார் துணிகளுக்கெல்லாம் கீழே, ஒரு நீலத் துணி கிடந்தது. அண்ணி ஜாக்கெட் தைக்கக் கொடுத்தது. கேட்கும்போதெல்லாம் ‘வீட்டு ஆள்தானே, அப்புறம்’ என்று தள்ளித் தள்ளி, கேட்பதையே அண்ணி விட்டுவிட்டாள். நாத்தனார் அதை உருவி எடுத்து, உதறி, மேஜைமேல் விரித்தாள்.

கூடத்தில் அண்ணி ஏதோ பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள். கழுத்து டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தாள்.

“அண்ணி, உங்க அளவு எனக்கு மனப்பாடம்தான். இருந்தாலும் ஒரு நிமிஷம் இப்படி வந்து நில்லுங்களேன்.”